நிலத்தைத் தொட்டால் நாரி நல்லதா?

நல்லூரில் அக்கா வீட்டு முற்றம். ஆறு வயது மருமகள் குனிந்து, "மாமா, நான் நிலத்தைத் தொட்டிட்டன்!" என்று கத்தினாள். எட்டு வயது அண்ணனின் விரல் கணுக்காலோடு நின்றுவிட்டது. "பொடியனுக்கு நாரி இறுக்கம்" என்று, கீழ்முதுகைச் சொல்லி, அம்மா தீர்ப்புச் சொன்னார்.

குனிந்து தொடுவதில் சிக்கலே இதுதான். முதுகோடு இடுப்பு மூட்டும் மடியும், தொடையின் பின்தசையும் இழுபடும், கை கால் நீளமும் கணக்கில் சேரும். முதுகு பலகைபோல இருந்தாலும் இடுப்பு மடிந்தால் விரல் நிலத்துக்கு வந்துவிடும். கால்நீட்டி இருந்து பெட்டிமேல் கையை எட்டவைப்பது 1952இல் வெல்ஸும் டில்லனும் கொண்டுவந்த முறை. வகுப்பு முழுவதையும் கெதியில் சோதிக்கலாம், ஆனால் குறை அதேதான்.

நாரியை மட்டும் பிடிப்பது சோபர் முறை (1937). இன்று பெரும்பாலும் செய்வது மக்றேயும் றைட்டும் 1969இல் திருத்தியது: இடுப்பின் பின்பக்கக் குழிகள் இரண்டையும் இணைக்கும் கோட்டுக்கு மேலே 10 சென்ரிமீற்றரிலும் கீழே 5 சென்ரிமீற்றரிலும் அடையாளமிட்டு, பிள்ளை முழுக்கக் குனிந்ததும் அந்த 15 எவ்வளவாக நீள்கிறது என்று பார்ப்பது. வளர்ந்தவர்களில் 5 சென்ரிமீற்றருக்குக் குறைவாக நீண்டால் இறுக்கம் என்பார்கள். அந்த எண்ணைச் சின்னப் பிள்ளையில் அப்படியே போடக்கூடாது. பெரியவரின் நாரிக்குள் அடங்கும் 15 சென்ரிமீற்றர், ஆறு வயது முதுகில் நெஞ்சுப்பக்க முள்ளெலும்புகள்வரை ஏறிவிடும். அதனால் ஒரே வயது, ஒரே உயரமுள்ள பிள்ளைகளோடுதான் ஒப்பிடலாம்.

இந்த இடத்தில், முதுகு எவ்வளவு சாய்கிறது என்று கோணமாகக் காட்டும் சாய்வுமானி வெல்கிறது, கோணத்துக்கு உயரம் தெரியாது. நாரியின் மேல்முனையில் ஒன்று, இடுப்பெலும்பில் ஒன்று வைத்து, மேலதில் இருந்து கீழதைக் கழித்தால் இடுப்பின் பங்கு போய்விடும். ஆனால் கூச்சத்தில் நெளியும் பிள்ளையின் முதுகில் இரண்டு கருவியை ஆடாமல் பிடிப்பது என்னால் ஆகாத காரியம்.

வீட்டுக்கு என் தெரிவு சோபர் முறையின் அளவுநாடாதான். அக்காவின் தையல் மெசின் லாச்சியில் இருந்ததை எடுத்து, பேனையால் குறித்து, மும்மூன்று தரம் அளந்தேன். அந்த 15 சென்ரிமீற்றர் தங்கச்சிக்கு 21 ஆகவும் அண்ணனுக்கு 21.5 ஆகவும் நீண்டது. வயதும் உயரமும் வேறுதான், ஆனாலும் நிலத்தைத் தொட்டவளைவிட அவன் நாரி குறைவாக நீளவில்லை. காலை எழும்பும்போது முதுகு விறைப்போ நோவோ இருந்தால் நாடாவை விட்டுவிட்டு டொக்டரிடம் போகவேண்டும். இவனுக்கு இரண்டும் இல்லை.

"நாரி நல்லாத்தான் இருக்கம்மா, இறுக்கம் தொடையில."

"அப்ப நான் காய்ச்சி வைச்ச எண்ணெய்?"