82,000 ரூபாய்க் கருவிக்கு 100 ரூபாய் இழப்பீடு: மேற்கு மாம்பலத்துக் கூரியர் கிளை ஒன்றின் சேவை

விலை உயர்ந்த பொருள் எதையும் இந்தக் கூரியர் நிறுவனத்தின் வழியாக அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. நாள்தோறும் ஏராளமான பார்சல்கள் கைமாறும் தொழிலில் ஒன்றிரண்டு வழிதவறிப் போவது நேரக்கூடியதுதான். அதை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். தொலைந்தால் தங்கள் பொறுப்பு 100 ரூபாயோடு முடிந்துவிடும் என்பதைப் பணம் வாங்கும்போது மறைத்துவிட்டு, தொலைத்த பிறகு எடுத்துக்காட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் அனுப்பியவை என் தந்தையின் காது கேட்கும் கருவிகள். அவர் திருநெல்வேலியில் என் தம்பியோடு இருக்கிறார். இரு காதுகளுக்குமாகச் சென்னையில் 82,000 ரூபாய்க்கு வாங்கிய அந்தக் கருவிகளில் ஒன்று இரையத் தொடங்கியதால், இரண்டையும் வரவழைத்து, வாங்கிய கடையிலேயே பழுது நீக்கித் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. மேற்கு மாம்பலத்தில் உள்ள கிளையில் பெட்டிக்குள் இருப்பது என்னவென்று சொல்லி, கடை ரசீதின் நகலையும் கொடுத்து, காப்பீடு செய்ய வேண்டும் என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவர், “அதெல்லாம் தேவையில்ல சார், நம்ம லைன்ல எதுவும் மிஸ் ஆகாது, நாளை மறுநாள் கையில கிடைச்சிடும்” என்றார். பொருளின் மதிப்பை எழுத வேண்டிய கட்டத்தை வெறுமையாக விட்டு, எடையை மட்டும் குறித்து, 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உட்பட 177 ரூபாய் பெற்றுக்கொண்டார். என்னிடம் கையொப்பம் எதுவும் வாங்கவில்லை.

பார்சல் மதுரை மையத்தை அடைந்தது என்பதே இணையத்தில் காட்டிய கடைசித் தகவல். அதன் பிறகு கிளையில் கேட்டால் மதுரையைக் கேட்கச் சொன்னார்கள்; மதுரை எண்ணில் யாரும் எடுக்கவில்லை; வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசும்போதெல்லாம் புதிய புகார் எண் ஒன்று தந்தார்களே ஒழிய, முந்தைய புகார் என்ன ஆயிற்று என்பது அடுத்துப் பேசியவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இத்தொழிலில் பார்சல்கள் மொத்தமாகப் பையில் கட்டப்பட்டு, பைக்கு ஓர் எண் இடப்பட்டு, ஒவ்வொரு மையத்திலும் பையைப் பிரிக்கும்போது உள்ளே இருப்பவை தனித்தனியாக ஸ்கேன் செய்யப்படுகின்றன. ஆகவே கடைசி ஸ்கேன் எந்த நேரத்தில் பதிவாயிற்று, அப்போது பணியில் இருந்தவர்கள் யார், அடுத்து அந்தப் பார்சல் எந்தப் பையில் ஏறியிருக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் நிறுவனம் நினைத்தால் கண்டறிய முடியும். அப்படித் தேடினார்களா என்று எழுத்தில் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

தொலைந்தது எப்படிப்பட்ட பொருள் என்பதையும் சொல்லியாக வேண்டும். காது கேட்கும் கருவி, கடையில் எடுத்து வந்து அப்படியே மாட்டிக்கொள்ளும் பொருள் அன்று. செவித்திறனைச் சோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் ஒருவர் ஒலிபுகா அறையில் அமரவைத்து, எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கேட்கவில்லை என்று அளந்து, அந்த அளவுகளைக் காட்டும் ஆடியோகிராம் என்ற வரைபடத்துக்கு ஏற்பக் கருவியை அமைத்துத் தருகிறார். பழகிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகிறது. என் தந்தையின் காதுக்கென்று அமைத்த கருவி, மறுபடி அமைக்காத வரை வேறொருவருக்குச் சரியாகப் பயன்படாது. அது போனதிலிருந்து அவரோடு என்னால் தொலைபேசியில் பேச முடியவில்லை. நான் சொல்வதை என் தம்பி தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுகிறான். மருத்துவரிடம் போனால்கூடத் தன் உடம்பைப் பற்றிய பேச்சைத் தானே கேட்க முடியாமல், மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை அவருக்கு. இதற்கெல்லாம் இழப்பீடு கேட்க நான் முனையவில்லை; ரசீதில் உள்ள விலையைத்தான் கேட்டேன்.

வந்த மின்னஞ்சலில், பார்சல் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, ரசீதின் பின்பக்கத்து நிபந்தனையின்படி 100 ரூபாயும் கட்டணமும் திருப்பித் தரப்படும் என்று எழுதியிருந்தார்கள். அதைப் பெறுவதற்கு, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று ஒப்புதல் கடிதம் ஒன்றில் நான் கையெழுத்திட வேண்டுமாம். பின்பக்கம் வெளிர் சாம்பல் நிறத்தில், உருப்பெருக்கி இல்லாமல் படிக்க முடியாத ஆங்கில எழுத்துகளால் நிறைந்திருக்கிறது. மதிப்பைக் குறிப்பிட்டுக் காப்பீடு செய்யாத பார்சலுக்கு இதுவே உச்சவரம்பு என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் மதிப்பைச் சொல்லிக் காப்பீடு கேட்டவரிடம் தேவையில்லை என்று மறுத்ததும் இதே நிறுவனத்தின் ஊழியர்தான். நான் கையெழுத்திடவில்லை.

இத்தகைய வரம்புகளுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஜெர்மனிக்கு ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்த பாரதி நிட்டிங் கம்பெனி, ஆவணங்கள் அடங்கிய உறையை உரிய காலத்தில் சேர்க்காத கூரியர் நிறுவனத்தின் மீது தொடர்ந்த வழக்கில், கையொப்பமிட்ட ரசீதில் உள்ள 100 டாலர் வரம்பு செல்லும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே கையொப்பம் இருந்தது என்பதை நம் கூரியர் நிறுவனங்கள் வசதியாக மறந்துவிடுகின்றன. கையொப்பம் பெறாமலும் எடுத்துச் சொல்லாமலும் பொடி எழுத்தில் அச்சிட்ட நிபந்தனை பயனரைக் கட்டுப்படுத்தாது என்று நுகர்வோர் ஆணையங்கள் கூறிய தீர்ப்புகளும் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார் கொடுப்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர வழி செய்திருக்கிறது. சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர்ந்தால் போதும். என் புகாரை அவ்வாறே பதிவு செய்திருக்கிறேன்.

அஞ்சல் துறையிலேயே அனுப்பியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அங்கும் காப்பீடு செய்யாமல் அனுப்பினால் நிலைமை பெரிதும் மேம்பட்டதன்று. விரைவு அஞ்சல் தொலைந்தால், செலுத்திய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே கிடைக்கும் என்பது நெடுங்காலமாக உள்ள விதி. 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இழப்புக்கும் தாமதத்துக்கும் அரசு பொறுப்பாகாது என்று வகுத்தது. ஆங்கிலேயர் காலத்து அந்தச் சட்டத்தை நீக்கி 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டமும், விதிகளில் குறிப்பிட்ட அளவைத் தவிர வேறு பொறுப்பு இல்லை என்று அதே பாதுகாப்பைத் தொடர்கிறது. நூறாண்டுக்கு மேல் கழித்துச் சட்டத்தைப் புதிதாக எழுதியவர்கள் இந்த ஒன்றையாவது மக்கள் பக்கம் நின்று மாற்றியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. இருந்தாலும் அஞ்சல் துறையின் வரம்பு வெளிப்படையான விதி. 1 லட்சம் ரூபாய் வரை காப்பீடு செய்யும் வசதியும் இருக்கிறது. அண்ணா சாலையிலோ தியாகராய நகரிலோ உள்ள பெரிய அஞ்சலகத்துக்குப் போய், மதிப்பைக் குறிப்பிட்டுக் காப்பீட்டு ரசீது வாங்கிக்கொள்வது இத்தகைய பொருளுக்குப் பாதுகாப்பானது.

இந்தக் கிளையில் நல்லதே இல்லை என்று எழுதுவது நியாயமாகாது. இரவு எட்டு மணிக்கு மேலும் திறந்திருக்கிறார்கள், வரிசை குறைவு, சென்னைக்குள் அனுப்பிய கடிதங்களும் சான்றிதழ் நகல்களும் மறுநாளே சேர்ந்திருக்கின்றன. தொலைந்தால் மறுபடி நகல் எடுத்துக்கொள்ளக்கூடிய காகிதங்களுக்கு இவர்களை இனியும் பயன்படுத்தலாம். நகை, பட்டுப்புடவை, கைபேசி, மருத்துவக் கருவி போன்ற எதையும் ஒப்படைக்க வேண்டாம். வேறு வழியின்றி ஒப்படைக்க நேர்ந்தால், மதிப்பை உங்கள் கண்முன்னே ரசீதில் எழுதச் சொல்லுங்கள். காப்பீடு இல்லை என்று மறுத்தால் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மூடுவதற்கு முன் பொருளையும் அதன் வரிசை எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்துவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் உடனே பதிவு செய்யுங்கள். “இறுதித் தீர்வு” என்று வரும் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள்.

நிறுவனத்திடம் நான் கேட்பது, கவுன்டரில் கட்டணப் பட்டியல் தொங்கும் அதே சுவரில், காப்பீடு இல்லாத பார்சலுக்கு 100 ரூபாய்தான் தருவோம் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பதை. கிளை மேலாளரிடம் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும் நாள்வரை அந்தச் சுவரில் கட்டணப் பட்டியல் மட்டுமே இருக்கிறது. ஐந்துக்கு ஒரு மதிப்பெண்.