ஏழு வருட மேடைக்குப் பிறகு எங்கள் கேபிள் பெட்டியில் தங்கியவை

நாங்கள் ஐந்து பேர். இரண்டு கிட்டார், பேஸ், கீபோர்டு, ட்ரம்ஸ். யாருக்கும் இது தொழில் இல்லை, வாரம் முழுக்க வேறு வேலை, மாதத்துக்கு இரண்டோ மூன்றோ மேடை. சவுண்டுக்கென்று தனியாக ஆள் கிடையாது. நாங்களே தூக்கி வந்து, நாங்களே மாட்டி, வாசித்து முடித்து, நாங்களே சுருட்டி எடுத்துப் போகிறோம். இந்த ஏழு வருடத்தில் வாங்கியதில் எது நின்றது, எது போனது என்று எழுதி வைக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் நினைப்பு. புதிதாக வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் ஸ்பீக்கரில்தான் ஆரம்பிப்பார்கள், நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். ஆனால் இங்கே கேபிளை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் மேடையில் பாதியில் நின்றுபோன பாட்டுகளில் ஒன்றுகூட ஸ்பீக்கரால் நின்றதில்லை.

எங்கள் மூன்றாவது நிகழ்ச்சி. இரண்டாவது பாட்டில் சரணம் தொடங்கும் நேரம், சூடான எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி படபடவென்று ஒரு சத்தம், அரங்கம் முழுக்க. ஐந்து பேரும் அவரவர் காலடியைப் பார்க்கிறோம். "தம்பி, உன் வயரை மிதிக்காதே, ஜாக்குப் பக்கம் லேசாக அசைத்துப் பார்" என்றார் கீபோர்டு வாசிக்கும் அண்ணன். அசைத்தேன், சத்தம் நின்றது. விட்டேன், மறுபடி வந்தது. மீதிப் பாட்டு முழுக்க வலது முழங்கையால் அந்த ஜாக்கை அழுத்திக்கொண்டே வாசித்தேன். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்க்கலாம் என்றால் அது பிளாஸ்டிக்கை உருக்கி மூடிய ஜாக், திறக்க வழியே இல்லை. கத்தியால் கீறித்தான் பார்த்தேன். வெளிச்சுற்றுக் கம்பிவலை முழுவதும் அறுந்து, இரண்டு மூன்று இழை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து திருகித் திறக்க முடியாத ஜாக் உள்ள கேபிள் எங்கள் பெட்டிக்குள் வருவதில்லை. கேபிள் வாங்கும்போது உறையின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், ஜாக்கைத் திறந்து உள்ளே பாருங்கள். நடுக்கம்பி ஒரு முனையில், வலை இன்னொரு முனையில் பற்றவைத்திருக்கும், அது எல்லாக் கேபிளிலும் ஒன்றுதான். அதற்குப் பின்னால் இருக்கிற பிடிதான் விஷயம். அந்தப் பிடி கேபிளின் வெளித்தோலை இறுக்கிப் பிடித்திருந்தால் யாராவது கால் தடுக்கி இழுத்தாலும் இழுப்பு தோலோடு நின்றுவிடும். பிடி லூஸாக இருந்தால் ஒவ்வொரு இழுப்பும் நேராகப் பற்றவைப்பில் போய் விழும், சில மாதங்களில் லூஸ் காண்டாக்ட். நியூட்ரிக் நிறுவனத்தின் ஜாக்குகளும், மைக் கேபிளில் வரும் எக்ஸ்எல்ஆர் முனைகளும் எங்களிடம் ஆறு வருடமாக ஓடுகின்றன, அவற்றில் இந்தப் பிடி நன்றாக இருக்கிறது, திறந்து மூடவும் ஒரு நிமிடம் போதும். கேபிள் போனாலும் முனையைக் கழற்றி அடுத்த கேபிளில் போட்டுக்கொள்கிறோம்.

சால்டரிங் கற்றுக்கொள்ளுங்கள். பயந்துகொண்டே ஆரம்பித்தேன், இப்போது ஒரு ஜாக்கை மாற்றப் பத்து நிமிடம். போன இடத்திலிருந்து இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு, கம்பியிலும் முனையிலும் தனித்தனியாக முதலில் ஈயம் பூசி, அப்புறம் இரண்டையும் சேர்த்துச் சூடு காட்டினால் ஒன்றோடொன்று உருகி ஓடிவிடும். ஆறும் வரை கை அசையக் கூடாது, அசைந்தால் பற்று மங்கிப் பொரபொரவென்று ஆகிவிடும், பார்க்க ஒட்டியது போலவே இருக்கும், மேடையில் கழுத்தறுக்கும். ஜாக்கின் மூடி உறையை முதலில் கேபிளில் கோத்துவிட்டுப் பற்றவைக்க ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் முடிந்தபின் திரும்பப் பிரிக்க வேண்டி வரும். கூடவே ஒரு கேபிள் டெஸ்டர் வாங்கி வைத்தோம். எங்களிடம் இருப்பதிலேயே மலிவான கருவி அதுதான், சவுண்ட் செக்குக்கு முன்னால் அது இல்லாமல் நான் எதையும் மாட்டுவதில்லை.

கிட்டார் கேபிளின் நீளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மேடையில் சுற்றி வர வசதி என்று பத்து மீட்டர் வாங்கினேன். ஒலி ஏதோ போர்வை போர்த்திய மாதிரி மந்தமாக இருந்தது, ஆம்ப்பில் ட்ரெபிளை ஏற்றி ஏற்றிப் பார்த்தேன். காரணம் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் தன்மை. சாதாரணக் கிட்டார் கேபிளில் மீட்டருக்கு சுமார் 100 பிகோஃபாரட் இருக்கும், பத்து மீட்டர் என்றால் 1000. கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப், பேட்டரி இல்லாததாக இருந்தால், இவ்வளவு சுமையைத் தாங்கி மேல் ஸ்தாயியை அனுப்பாது. ஐந்து மீட்டருக்கு இறங்கியதும் அதே கிட்டார், அதே ஆம்ப், ஒலி திறந்துகொண்டது. பேட்டரி போடும் கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் இந்தக் கவலை இல்லை. விலை உயர்ந்த கேபிள்கள் நான்கைந்து இரவல் வாங்கி ஒரே நீளத்தில் மாற்றி மாற்றிக் கேட்டோம், கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. நீளத்தின் வித்தியாசத்தை ஐந்து பேரும் சொன்னோம்.

மைக் கேபிள் வேறு கதை. எக்ஸ்எல்ஆரில் மூன்று முனை, ஒன்று எர்த், மற்ற இரண்டிலும் ஒரே சிக்னல் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் போகிறது. வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும், மிக்ஸர் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் தன்னைத்தானே கழித்துக்கொள்கிறது. அதனால்தான் முப்பது மீட்டர் இழுத்தாலும் சுத்தமாக வருகிறது. உள்ளே நான்கு கம்பி முறுக்கிய ஸ்டார் குவாட் கேபிள் இரண்டு வைத்திருக்கிறோம், விளக்கு டிம்மர்களுக்குப் பக்கத்தில் ஓட வேண்டிய இடத்தில் ரீங்காரம் நன்றாகவே குறைகிறது. மற்ற இடங்களில் சாதாரணமே போதும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிக்குக் கிட்டார் கேபிளை மாட்டாதீர்கள். இரண்டின் முனையும் ஒரே 6.35 மில்லிமீட்டர் ஜாக் என்பதால் மாறிப்போவது சுலபம். ஒருமுறை அவசரத்தில் எங்கள் மேடையிலேயே நடந்தது, இடைவேளையில் தொட்டால் கேபிள் வெதுவெதுவென்று இருந்தது. உள்ளே இருப்பது ஊசி போன்ற நடுக்கம்பி, ஸ்பீக்கருக்குப் போகும் கரண்ட்டை அது தாங்காது. வால்வு ஆம்ப்பாக இருந்து, கேபிள் அறுந்து சுமை விட்டுப்போனால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போகலாம். இப்போது ஸ்பீக்கர் வயர் எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கான் முனை போட்டுவிட்டோம், அதைத் திருப்பிப் பூட்டினால்தான் நிற்கும், வேறு எதிலும் நுழையாது.

சுருட்டுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். முழங்கைக்கும் கைக்கும் நடுவில் கயிறு மாதிரிச் சுற்றினால் உள்ளே கம்பிகள் முறுக்கேறி இரண்டே வருடத்தில் கேபிள் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். ஒரு வளையம் நேராக, அடுத்த வளையம் மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கமாக என்று மாற்றி மாற்றிப் போட்டால் வீசியெறியும்போது முடிச்சில்லாமல் நேராக விரியும். எங்கள் ட்ரம்மருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மாலை ஆனது, இப்போது எங்களில் அவன்தான் நன்றாகச் சுருட்டுகிறான். நீளத்துக்கு ஒரு நிறம் என்று இரண்டு முனையிலும் டேப் ஒட்டியிருக்கிறோம், இருட்டு மேடையில் அதற்கு ஈடு வேறில்லை.

அப்புறம் டிஐ பாக்ஸ், வாத்தியத்துக்கும் மிக்ஸருக்கும் நடுவில் மாட்டும் சின்னப் பெட்டி. முதல் இரண்டு வருடம் கீபோர்டை நீளமான ஜாக் கேபிளில் நேராக மிக்ஸருக்குக் கொடுத்தோம், ஹம் என்கிற ரீங்காரம் வராத நாளே இல்லை. கீபோர்டு ஒரு பிளக்கில், மிக்ஸர் இன்னொரு மூலையில் வேறு பிளக்கில், இரண்டு எர்த்தும் சிக்னல் கேபிள் வழியாக ஒரு வளையமாகச் சேர்ந்துகொள்ளும், அந்த வளையத்தில் மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஓடும். டிஐ பாக்ஸுக்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் சிக்னலைக் காந்தம் வழியாகத் தாண்ட வைத்து, இரண்டு பக்கத்தையும் கம்பித் தொடர்பில்லாமல் பிரிக்கிறது. சிக்னல் கேபிளின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிய நொடியில் இரண்டு வருட ஹம் நின்றது. கீபோர்டு அண்ணன் வாசிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார், அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது. கீபோர்டுக்கு பேட்டரியில்லாத சாதாரண டிஐ போதும். பேட்டரியில்லாத பேஸுக்கும், பீசோ பிக்கப் வைத்த அக்கூஸ்டிக் கிட்டாருக்கும் மின்சாரத்தில் ஓடும் ஆக்டிவ் டிஐ வாங்குங்கள், அவற்றுக்கு டிஐயின் உள்ளீட்டுத் தடை (இம்பீடன்ஸ்) அதிகம் வேண்டும், இல்லாவிட்டால் ஒலி மெலிந்துவிடும்.

ஹம்மை நிறுத்தப் பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிடச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். 1972 மே மாதம் ஸ்வான்சீ நகர மேடையில் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். கை கிட்டார் கம்பியில், உதடு மைக்கில், நடுவில் உடம்பு. ஒவ்வொரு பாடகரும் ஒவ்வொரு இரவும் நிற்கிற நிலை அது. பிளக் பாயிண்ட் சோதிக்கும் சின்ன டெஸ்டர் எங்கள் பெட்டியில் மேலாக இருக்கும், அரங்கில் முதல் வேலை அதுதான். எர்த் இல்லாத இடத்தில் சரிசெய்யும் வரை எதையும் மாட்டுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம், ஒருமுறை அதற்காக ஒரு மணி நேரம் தாமதமாகவே தொடங்கினோம். எக்ஸ்டென்ஷன் வயர் உருளையில் சுற்றியிருந்தால் முழுவதும் இழுத்து விரித்துவிடுங்கள், சுற்றியபடியே சுமை ஏற்றினால் உள்சுற்று சூடாகி உருகும்.

மைக்கில் அதிகம் சொல்ல இல்லை. ஷூர் எஸ்எம்58, 1966-ல் வந்த மாடல், இரண்டு வைத்திருக்கிறோம், பலமுறை கீழே விழுந்து ஒன்றின் வலை நசுங்கி, புது வலை மட்டும் மாற்றினோம், இரண்டும் பாடுகின்றன. மூன்றாவதாக, முன்பக்கத்தை இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியாய்டு மைக் வாங்கியபோதுதான் புதிதாக ஒன்று படித்தோம். வாங்கிய அன்றே, ஸ்பீக்கர் ஒலி திரும்ப மைக்கில் புகுந்து கூவியது. எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு நேர் பின்னால் இருந்து வருவதைக் கேட்காது, அதனால் மானிட்டர், அதாவது எங்களுக்கே கேட்பதற்கான மேடை ஸ்பீக்கர், பாடுபவரின் எதிரே நேராக இருக்கலாம். சூப்பர் கார்டியாய்டுக்குக் காது கேட்காத இடம் நேர் பின்னால் இல்லை, சுமார் 126 டிகிரியில் இரண்டு பக்கமும் சாய்ந்து இருக்கிறது, நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். மானிட்டரை ஓரமாகத் தள்ளி வைத்ததும் கூவல் நின்றது. மைக்கைக் குற்றம் சொல்லித் திருப்பிக் கொடுக்க இருந்தோம். இன்னொன்று, வலையைக் கையால் பொத்திப் பிடித்துப் பாடினால் எந்த மைக்கும் எல்லாத் திசையும் கேட்க ஆரம்பித்துக் கூவும், இதை எங்கள் கிட்டார் பாடகருக்கு மாதக்கணக்கில் சொன்னோம்.

ஸ்பீக்கரில் வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். வாட்ஸ் இரட்டிப்பானால் கிடைப்பது 3 டெசிபல்தான், காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். நாங்கள் ஆம்ப் உள்ளேயே இருக்கும் 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் இரண்டு வைத்திருக்கிறோம், நூறு நூற்றைம்பது பேர் அரங்குக்கு அது தாராளம். சத்தம் போதாமல் போன இடங்களில் எல்லாம் தரையில் அல்லது தாழ்வாக வைத்திருந்தோம். ஸ்டாண்டில் ஏற்றித் தலைக்கு மேலே கொண்டு போனதும் பின்வரிசைக்குச் சொற்கள் புரிந்தன, முன்வரிசையின் உடம்புகள் மேல் ஸ்தாயியை விழுங்கிக்கொண்டிருந்திருக்கின்றன.

டிஜிட்டல் மிக்ஸர் வாங்கி நான்கு வருடம். டேப்லெட்டில் முன்வரிசையில் நின்று ஒலி சரிசெய்வது பெரிய வசதி, பழைய செட்டிங் அப்படியே நினைவில் இருக்கும். ஆனால் அதன் உள்ளே இருந்த வைஃபை, கூட்டம் நிறைந்ததும் துண்டித்துக்கொண்டது, மானிட்டர் கூவிக்கொண்டிருக்கும்போது டேப்லெட்டில் சக்கரம் சுற்றுவதைப் பார்ப்பது கொடுமை. தனி ரூட்டரை வயரில் இணைத்து 5 கிகாஹெர்ட்ஸில் போட்ட பிறகு இதுவரை விட்டதில்லை.

இப்போது பெட்டியில் புதிதாக இருப்பது இன்-இயர் மானிட்டர், மானிட்டர் ஸ்பீக்கருக்குப் பதிலாகக் காதுக்குள் மாட்டுவது. மேடைச் சத்தம் பயிற்சியறையிலேயே 100 டெசிபலைத் தொடுவதைப் பார்த்தோம், அந்த அளவில் பாதுகாப்பான நேரம் என்று அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியாஷ் அமைப்பு சொல்வது ஒரு நாளைக்கு 15 நிமிடம். பேஸ் வாசிக்கும் தோழிக்கு நிகழ்ச்சி முடிந்த இரவெல்லாம் காதில் கொய்ங் என்று கேட்க ஆரம்பித்ததும் முடிவெடுத்துவிட்டோம். மூன்று நிகழ்ச்சிதான் ஆகியிருக்கிறது. சுருதி நன்றாகப் பிடிபடுகிறது, கூட்டத்தின் சத்தம் கேட்காமல் தனியாக இருப்பது போல இருக்கிறது என்று இருவர் சொல்கிறார்கள், மேடை ஓரத்தில் கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக் வைத்து அதையும் காதுக்குள் லேசாகக் கலந்து பார்க்கப் போகிறோம். ஒரு வருடம் ஓடட்டும், அப்புறம் அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.