இரு துருவக் கடல்களையும் அருகருகே வைத்துப் பார்க்க: ஜியோட்ரேசஸ் மின்வரைபடத் தொகுப்பு

தென்பெருங்கடலின் மேற்பரப்பில் பல இடங்களில் லிட்டருக்கு 0.1 நானோமோல் அளவுக்கே இரும்பு கரைந்திருக்கிறது. ஒரு கோடி லிட்டர் நீரை அள்ளி வந்தாலும் அதில் உள்ள இரும்பு மொத்தம் 56 மில்லிகிராம்தான். மருந்துக்கடையில் வாங்கும் ஒரே ஓர் இரும்புச்சத்து மாத்திரைக்கு ஏறக்குறைய ஈடு. இத்தனை சொற்பமான பொருளை, எஃகினால் கட்டிய கப்பலில் நின்றுகொண்டு, அந்த எஃகின் துரு ஒரு துகளும் கலந்துவிடாமல் அளந்து, மேற்பரப்பு முதல் அடித்தளம் வரை வண்ணப் படமாக்கி, எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் நான், துருவக் கடல்களில் கரைந்த தனிமங்கள் எப்படிச் சுழல்கின்றன என்பதை மாணவர்களுக்கு விளக்க ஜியோட்ரேசஸ் திட்டத்தின் தரவுத் தொகுப்பையும் மின்வரைபடத் தொகுப்பையும் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். தமிழில் இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பதால் இந்த மதிப்புரையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜியோட்ரேசஸ் என்பது கடலில் உள்ள சுவடுத் தனிமங்களையும் அவற்றின் ஐசோடோப்புகளையும் அளக்கும் பன்னாட்டுத் திட்டம். 2007–2008 பன்னாட்டுத் துருவ ஆண்டையொட்டி நடந்த பயணங்கள் அதற்கு முன்னோடியாக அமைந்தன. கிடைத்த அளவீடுகளை 2014, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் இடைக்காலத் தொகுப்புகளாக வெளியிட்டார்கள். நான் பயன்படுத்துவது 2021ஆம் ஆண்டுத் தொகுப்பு. அதன் அளவீடுகளைப் படங்களாகக் காட்டும் மின்வரைபடத் தொகுப்பை, ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் நகரில் உள்ள ஆல்ஃபிரட் வேகனர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரைனர் ஷ்லிட்சர் உருவாக்கினார். கடல் தரவுகளைக் கையாள உலகெங்கும் பயன்படும் ஓஷன் டேட்டா வியூ என்ற இலவச மென்பொருளும் அவர் எழுதியதே.

இத்தகைய எண்களை நம்பலாமா என்பதே முதலில் எழ வேண்டிய கேள்வி. 1970களின் நடுப்பகுதிக்கு முன் எடுக்கப்பட்ட சுவடு உலோக அளவீடுகளில் பெரும்பாலானவை கலப்படத்தால் பயனற்றுப் போனவை. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டவர்கள் என்பது இத்திட்டத்தின் ஒவ்வொரு படியிலும் தெரிகிறது: நீர் அள்ளும் குடுவைகள் உலோகம் படாதவை, அவற்றைத் தாங்கும் சட்டம் டைட்டானியம் போன்ற துருப்பிடிக்காத பொருளால் ஆனது, இறக்கும் வடம் செயற்கை இழையால் பின்னியது, வடிகட்டுவது தூசி நீக்கிய காற்று வீசும் அறையில். இதற்கும் மேலாக, வெவ்வேறு நாட்டுக் கப்பல்களின் பாதைகள் குறுக்கிடும் இடங்களில் இரு தரப்பினரும் ஒரே நீரை அளந்து ஒப்பிடுகிறார்கள். அந்த ஒப்பீட்டை ஒரு தனிக்குழு ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட பின்னரே அளவீடு தொகுப்பில் இடம்பெறுகிறது. இந்தக் கண்டிப்புக்காகவே மற்ற தொகுப்புகளைவிட இதை உயர்வாக மதிக்கிறேன்.

இனி படங்களுக்கு வருவோம். புதிதாக வருபவர் முதலில் திறக்க வேண்டியது, போலார்ஸ்டெர்ன் கப்பல் 2008இல் பூஜ்ய தீர்க்கரேகை வழியாகத் தென்னாப்பிரிக்கப் பக்கமிருந்து அண்டார்க்டிகா வரை சென்ற பயணத்தின் குறுக்குவெட்டு, அதாவது கப்பல் போன பாதை நெடுகக் கடலை மேற்பரப்பு முதல் அடித்தளம் வரை வெட்டிக் காட்டும் படம். இரும்பைத் தேர்ந்தெடுத்தால் மேற்பரப்பு நெடுகிலும் ஊதா நிறம் விரிகிறது. இந்த வண்ண வரிசையில் ஊதா என்பது மிகக் குறைவு, சிவப்பு என்பது மிக அதிகம். சிவப்பைத் தேடும் கண், ஊதாவை ஒன்றுமில்லாத இடமாக எண்ணித் தாண்டிப் போய்விடும். உண்மையில் தென்பெருங்கடலின் செய்தி முழுவதும் அந்த ஊதாவில்தான் இருக்கிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்து கிடந்தும் அங்கே தாவர மிதவை உயிரிகள் பெருகாமல் நிற்பதற்கு இரும்புப் பற்றாக்குறையே காரணம் என்று கடலியலாளர் ஜான் மார்ட்டின் 1980களின் இறுதியில் வாதிட்டார். பின்னாளில் கடலில் இரும்பைத் தூவிச் செய்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தின. அதே குறுக்குவெட்டில் பூவே தீவுப் பக்கம் ஏறத்தாழ 2,000 மீட்டர் ஆழத்தில் இரும்பு கூடித் தெரிவது கடலடி வெந்நீர் ஊற்றுகளின் கைவரிசை. ஆழத்தில் அவ்வளவு இருந்தும் மேலே பஞ்சம் என்பதை ஒரே படத்தில் பார்க்கும்போது, பாடநூலின் பத்துப் பக்கம் செய்யாத வேலை நடந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது துத்தநாகத்தையும் சிலிக்கேட்டையும் அடுத்தடுத்த சாளரங்களில் வைத்துப் பார்ப்பது. இரண்டு படங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கின்றன. அண்டார்க்டிகா பக்கம் மேலெழும் ஆழ்நீர் இரண்டையும் மேற்பரப்புக்கே கொண்டுவருகிறது. வடக்கே வர வர, குளிர்ந்த அண்டார்க்டிக் நீரும் வெப்பமான வடக்கு நீரும் சந்திக்கும் துருவ முகப்பைத் தாண்டியதும் இரண்டும் சரிந்து, துத்தநாகம் ஒரு நானோமோலின் சிறு பகுதியாகச் சுருங்கிவிடுகிறது. துத்தநாகம் டயாட்டங்கள் எனப்படும் நுண்பாசிகளின் கண்ணாடி போன்ற சிலிக்கா ஓட்டுக்குள் பதிந்திருக்கும், அந்த ஓடு ஆழத்தில் கரையும்போது வெளிவரும் என்று மாணவர்கள் உடனே விடை சொல்லிவிடுவார்கள். ஆனால் டயாட்டத்தின் துத்தநாகத்தில் சில விழுக்காடு மட்டுமே ஓட்டில் உள்ளது. மீதியெல்லாம் செல்லின் உயிர்ப்பொருளில், பாஸ்பேட்டுடன் சேர்ந்தே இருக்கிறது. அப்படியிருந்தும் துத்தநாகம் ஏன் சிலிக்கேட்டைப் போல நடந்துகொள்கிறது? தென்பெருங்கடலின் டயாட்டங்கள் இரும்புப் பஞ்சத்தில் தடித்த ஓடு கட்டிச் சிலிக்கானை மிகுதியாக இழுத்துக்கொள்கின்றன, துத்தநாகத்தையும் மற்ற கடல்களின் மிதவை உயிரிகளைவிடப் பல மடங்கு உள்வாங்குகின்றன. இரண்டும் உறிஞ்சப்பட்ட மேற்பரப்பு நீர் அங்கிருந்து அமிழ்ந்து வெப்ப மண்டலக் கடல்களின் நடு ஆழங்களுக்குப் பரவும்போது அந்தக் கூட்டு வறுமையையும் உடன் கொண்டுபோகிறது. டெரெக் வான்ஸும் அவருடைய குழுவினரும் 2017இல் முன்வைத்த விளக்கம் இதுவே. மூழ்கும் துகள்களில் துத்தநாகம் ஒட்டுவதும் விடுபடுவதுமே முதன்மைக் காரணம் என்று வேறு சிலர் வாதிடுகிறார்கள். ஓஷன் டேட்டா வியூவில் இரு தனிமங்களையும் ஓர் அச்சுக்கு ஒன்றாக வைத்துப் புள்ளியிட்டால் தெற்கில் அவை ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வந்து விழுவதை மாணவரே தம் கையால் வரைந்து பார்த்து, இரு தரப்பையும் எடைபோட முடிகிறது.

இந்தச் சிலிக்கான் வறுமையின் விளைவு நம் நாட்டு ஆய்வாளர்கள் நேரில் கண்டது. கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனமும் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் 2009இல் தென் அட்லாண்டிக்கில் ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு இட்டு லோஹாஃபெக்ஸ் சோதனையை நடத்தின. அந்த நீரில் சிலிக்கேட் தீர்ந்துபோயிருந்ததால் டயாட்டங்கள் பெருகவில்லை. வளர்ந்த சிறு பாசிகளைக் கோபிபாடுகள் என்ற நுண்ணிய ஓட்டுடலிகள் மேய்ந்துவிட்டன, ஆழத்துக்குப் போன கரிமமும் சொற்பமே. இரும்பு ஒன்றையே பார்த்தால் போதாது என்பதற்கு வகுப்பில் நான் காட்டும் சான்று இதுதான்.

வடதுருவத்துக்குப் போனால் அதே தனிமங்கள் வேறு விதமாக நடந்துகொள்கின்றன. உலகக் கடல்நீரில் ஒரு விழுக்காடே கொண்ட ஆர்க்டிக், உலக ஆறுகள் கடலில் சேர்க்கும் நீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பெறுகிறது. அதன் பரப்பில் ஏறத்தாழப் பாதி, கண்டங்களின் விளிம்பு நீருக்குள் நீளும் ஆழம் குறைந்த கண்டத்திட்டு. 2015 கோடையில் அமெரிக்காவின் ஹீலி, ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன், கனடாவின் அமுண்ட்சென் ஆகிய மூன்று கப்பல்களும் அங்கே அளந்தன. ஹீலியின் குறுக்குவெட்டில் துருவத்தை நெருங்கும்போது மேற்பரப்பு இரும்பு திடீரென உயர்கிறது. லீனா, எனிசேய் போன்ற சைபீரிய ஆறுகளின் கரிமப் பொருளோடு பிணைந்த இரும்பைத் துருவம் கடந்து செல்லும் நீரோட்டம் கொண்டுவந்து சேர்க்கும் இடம் அது. துத்தநாகமோ ஆர்க்டிக்கின் கனடாப் பக்கத்து ஆழ்கடல் பள்ளமான கனடா வடிநிலத்தில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே உச்சம் காட்டுகிறது. பெரிங் நீரிணை வழியாக வரும் பசிபிக் நீர், சுக்கி கண்டத்திட்டின் வண்டலில் இருந்து அதை வாங்கிவந்து, ஆழம் கூடக் கூட உப்புத்தன்மை வேகமாக உயரும் நீரடுக்கில் பரப்பிவிடுகிறது. தெற்கே சுழற்சியை ஆட்டிவைப்பது ஆழத்திலிருந்து எழும் நீர், வடக்கே விளிம்பிலிருந்து வரும் நீர். இந்த வேறுபாட்டை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு இலவசச் சேவையை நான் பார்த்ததில்லை. குறுக்குவெட்டுகளைத் திரைச்சீலைகளைப் போல நிறுத்திச் சுழற்றிக் காட்டும் முப்பரிமாணக் காட்சிகள் அழகானவை. வகுப்பைத் தொடங்க அவை உதவும், ஆராய்ந்து படிக்கக் குறுக்குவெட்டுகளே ஏற்றவை.

பயன்படுத்துவோருக்குச் சில எச்சரிக்கைகளும் உண்டு. படத்தில் நிறம் இடைவெளியின்றி ஓடினாலும் அளவீடு எடுத்த நிலையங்கள் ஒன்றுக்கொன்று பல பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கலாம். இடையில் நிரப்பியிருப்பது கணக்கீடு. ஆகவே ஓஷன் டேட்டா வியூவில் நிரப்பிய படத்தை விலக்கி, அளந்த இடங்களை மட்டும் வண்ணப் புள்ளிகளாகக் காட்டும் முறைக்கு ஒருமுறையேனும் மாறிப் பார்க்க வேண்டும். தரவு அட்டவணையின் நெடுவரிசைப் பெயர்கள் முதலில் மிரட்டும்: தனிமத்தின் குறியீடு, பிறகு கரைந்தது என்பதைக் குறிக்கும் ‘டி’, பிறகு செறிவு, கடைசியில் நீர் அள்ளிய கருவி என்று அடுக்கிப் படித்தால் பத்து நிமிடத்தில் பழகிவிடும். தரவை ஆய்வுக்கு எடுத்தாள்வோர் தொகுப்பை மட்டும் சுட்டிவிட்டு நிறுத்தாமல், அளந்தவர்களின் மூலக் கட்டுரைகளையும் சுட்ட வேண்டும் என்பது இதன் நியாயமான விதி.

இத்தனைக்கும் பிறகு எனக்குள்ள ஒரே பெரிய மனக்குறை காலம் பற்றியது. ஒவ்வொரு குறுக்குவெட்டும் ஒரு கப்பல் ஒருமுறை கடந்த சில வாரங்களின் படம். துருவங்களில் அது பெரும்பாலும் கோடையாகவே இருக்கிறது. தென்பெருங்கடலின் மேற்பரப்புக்கு ஆண்டு முழுவதற்குமான இரும்பில் பெரும்பகுதி, குளிர்காலப் புயல்கள் நீரை ஆழமாகக் கலக்கும்போதுதான் கீழிருந்து வந்து சேருகிறது. கடல்பனி தனக்குள் இரும்பைச் சேர்த்துக்கொள்வதும் அந்த மாதங்களில்தான். தென்னாப்பிரிக்காவின் அகுல்ஹாஸ் 2 கப்பல் 2015 குளிர்காலத்தில் போய் அளந்து வந்தது போன்ற பயணங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. நான் மாணவர்களுக்குக் காட்டும் ஊதா நிறம், வந்த இரும்பையெல்லாம் உயிரிகள் தின்று தீர்த்த பிறகு எடுத்த படம். அது வந்து சேர்ந்த நாளின் படம் இன்னும் சில நிலையங்களின் புள்ளிகளாக மட்டுமே இருக்கிறது. ஒவ்வொரு புதிய வெளியீட்டிலும் நான் முதலில் தேடுவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான தேதிகளைத்தான்.