மண்டபம் மாடி ட்யூஷன்: அரசியல் அறிவியலுக்கு கண்ணை மூடிட்டு சேரலாம், சைக்காலஜிக்கு கொஞ்சம் விசாரிச்சிட்டு சேருங்க

கரஸ்ல (தபால் வழில) பி.ஏ. அரசியல் அறிவியல் முதல் வருஷம் படிக்கிறேன், சைக்காலஜியும் ஒரு பேப்பர் இருக்கு. புக்கை மட்டும் வச்சு படிச்சுப் பார்த்தேன், மண்டைல ஏறல. அதான் மண்டபத்துல ஒரு வீட்டு மாடில நடக்குற ட்யூஷன்ல சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு. சனி ஞாயிறு சாயங்காலம், மாசம் 600 ரூபா, பாம்பன்லேந்து பஸ்ல வந்துட்டுப் போறேன்.

அரசியல் அறிவியல் டீச்சரை பத்தி எவ்வளவு சொன்னாலும் தகும். எந்த விஷயத்துக்கு டெல்லி சட்டம் போடலாம், எதுக்கு மாநிலம் போடலாம்னு பிரிக்கிற அரசியல் சட்டத்தோட ஏழாவது அட்டவணை, மத்திய பட்டியல், மாநில பட்டியல்னு பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணி எழுதினவதான் நானு. இவங்க போர்டுல நம்ம கரையை ஒரு கோடா இழுத்தாங்க, அதுக்கு அங்கிட்டு 3 கடல் மைல்ல ஒரு கோடு, 12 கடல் மைல்ல இன்னொரு கோடு. 3 மைலுக்குள்ள விசைப்படகு, அதான் லாஞ்சு, மீன் பிடிக்கக்கூடாதுன்னு 1983ல தமிழ்நாடு சட்டசபை போட்ட கடல் மீன்பிடி ஒழுங்குமுறை சட்டம் சொல்லுச்சு. சட்டசபைக்கு அந்த அதிகாரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா மீன்வளம் மாநில பட்டியல்ல 21வதா இருக்கு. 12 மைல தாண்டின மீன்பிடிப்பு டெல்லி கையில, அது மத்திய பட்டியல் 57. வெளிநாட்டோட ஒப்பந்தம் போடுறது மத்திய பட்டியல் 14, அதனாலதான் 1974ல கச்சத்தீவு ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டது டெல்லி, சென்னை இல்ல. அன்னைக்கு ராத்திரி நோட்டை அப்பாட்ட காட்டினேன். அவரு வல்லத்துல (நாட்டுப்படகுல) மீன் பிடிக்கப் போறவரு, நடு கோட்டுல விரலை வச்சு "இந்தக் கோட்டுக்குத்தானம்மா லாஞ்சுக்காரங்களோட இத்தன வருஷமா சண்ட"ன்னாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு, இத்தன நாள் வீட்டுல கேட்ட பேச்சுதான் பாடமா இருக்குன்னு அப்பதான் புரிஞ்சுது.

சைக்காலஜி சாரும் விஷயம் தெரிஞ்சவருதான். ஸ்கின்னர்னு ஒரு அமெரிக்க உளவியல் அறிஞர் புறாவ வச்சு பண்ணின சோதனைய சொன்னாரு, ஒரு பட்டனை கொத்துனா ஒரு தடவ தானியம் விழும், பத்து தடவ விழாது, எப்ப விழும்னு தெரியாததாலயே அந்தப் புறா தானியத்த நிறுத்தின பிறகும் ரொம்ப நேரம் கொத்திக்கிட்டே இருக்கும். உடனே என்னைப் பார்த்து "உங்க அப்பாவுக்கு நாலு நாளா பாடு (மீன்) இல்லன்னியே, ஏம்மா இன்னைக்கும் போனாரு?"ன்னு கேட்டாரு. நான் எந்திரிச்சு, சார் அதுமட்டும் இல்ல, வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கிருக்கோம், போகாம இருக்க முடியாதுன்னேன். சாரு கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "சரிதாம்மா, புறாவுக்கு கடன் கிடையாது, அதையும் எழுதிக்க"ன்னு எல்லாரையும் எழுத வச்சாரு. பிள்ளைங்க பேச்சுக்கு இப்படி மதிப்பு கொடுக்குற இடம் எனக்கு இதுவரைக்கும் அமைஞ்சதில்ல.

ஆனா ஆராய்ச்சி முறை, புள்ளியியல் பகுதிய ஒரே ஒரு கிளாஸ்ல தள்ளிவிட்டுட்டாரு. சராசரி வரைக்கும் சரி, ஸ்டாண்டர்டு டீவியேஷன் (சராசரிலேர்ந்து எண்கள் எவ்வளவு விலகி இருக்குன்னு பாக்குறது) ஒரு கணக்குகூட போட்டுக் காட்டல, மாதிரி பரீட்சைல அந்த கேள்வி அப்படியே போச்சு எனக்கு. கணக்குன்னாலே பயப்படுற பிள்ளைங்கதான் இங்க பாதிப் பேரு, அவங்களுக்குத்தான் நின்னு நிதானமா சொல்லிக் கொடுக்கணும். ஜெராக்ஸ் நோட்ஸும் மங்கலா இருக்கு, அதுக்கு தனியா 150 ரூபா வேற.

கரண்ட் போனா மாடில புழுக்கம் தாங்காது, ஒரு விசிறி எடுத்துட்டுப் போங்க. பொண்ணுங்கள பஸ் ஏறுற வரைக்கும் டீச்சர் கூடவே வந்து நிக்கிறாங்க, வீட்டுல பயப்படுறவங்களுக்காக இத சொல்றேன்.

புள்ளியியலுக்கு ஞாயித்துக்கிழமை காலைல தனி கிளாஸ் வைங்கன்னு நாங்க ஒம்பது பேரு கையெழுத்து போட்டு கொடுத்துருக்கோம், பார்க்குறேன்னாரு. ஆரம்பிச்சா இங்கயே வந்து சொல்றேன்.