கல்யாணப் பத்திரிகை: எந்த வாசகம், யார் பெயரில்?

‘நிகழும் மங்களகரமான பராபவ வருஷம் ஆவணி மாதம்...’ என்று தொடங்குவது ஒரு வழி. ‘திருவள்ளுவர் ஆண்டு 2057’ என்று போட்டு ‘வாழ்க்கைத் துணைநல ஏற்பு விழா’வுக்கு அழைப்பது இன்னொரு வழி. ‘எங்கள் கல்யாணத்துக்கு வாங்க’ என்று பெண்ணும் மாப்பிள்ளையும் தாங்களே எழுதுவது மூன்றாவது. மூன்றிலும் நான் முதலில் தேடுவது அம்மாவின் பெயரைத்தான். அது இருக்கிறதா, இருந்தால் எந்த இடத்தில் இருக்கிறது?

பழைய வாசகத்தின் பலம் அதன் நாள் குறிப்பு. தமிழ் மாதம், திதி, நட்சத்திரம், லக்னம், ‘காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்’ என்று எல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். திங்கட்கிழமை என்றால் ராகு காலம் 7.30 முதல் 9 வரை, அது முடிந்துதான் முகூர்த்தம் என்று ஊர்ப் பெரியவர் பார்த்தவுடனே புரிந்துகொள்வார். இதை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனமில்லை. பத்திரிகையை வாங்கியதும் அவர்கள் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.

சிக்கல் அதற்கு அடுத்த வரியில் வருகிறது. தாத்தா பெயர், அப்பா பெயர், ‘இவர்களின் பேத்தியும் அவர்களின் மகளுமான சௌபாக்கியவதி...’ என்று போகும் வாக்கியத்தில் அம்மாவுக்குப் பல வீடுகளில் இடமே இல்லை. அப்பா இறந்துவிட்டால் இன்னும் மோசம். ‘தெய்வத்திரு’ என்று அவர் பெயர் வரும், அழைப்பவராகப் பெரியப்பாவோ சித்தப்பாவோ கையெழுத்திடுவார். பிள்ளையைத் தனியாக வளர்த்து, மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய அம்மாவின் பெயர் எங்கேயும் இருக்காது. தாலி இல்லாதவர் பெயர் மங்கல காரியத்தில் முன்னால் வரக்கூடாதாம். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. எந்தச் சாஸ்திரியும் அச்சகத்துக்கு வந்து தடுப்பதில்லை, வீட்டில் இருப்பவர்கள்தான் தடுக்கிறார்கள்.

இரண்டாவதான சுயமரியாதை வழி வாசகம் இந்த இடத்தில் தெளிவாக முன்னால் நிற்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது வந்த 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும், ஒருவரையொருவர் ஏற்பதாகப் புரிந்த மொழியில் சொன்னாலும் திருமணம் செல்லும். புரோகிதர் தேவையில்லை. இந்த அழைப்பிதழ்களில் பெற்றோர் இருவர் பெயரும் சமமாக வருவதை அதிகம் பார்க்கலாம். ஆனால் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று பிரமுகர் பட்டியல் நீண்டு, மணமக்கள் பெயரைத் தேடவேண்டிய நிலையும் வந்துவிடுகிறது. அப்புறம் ஒரு எச்சரிக்கை: திருவள்ளுவர் ஆண்டு தையில் மாறும், பராபவ முதலான அறுபது ஆண்டுக் கணக்கு சித்திரையில்தான் மாறும். இரண்டையும் சேர்த்துப் போடுபவர்கள் தை, மாசி, பங்குனிக் கல்யாணங்களில் கவனமாக இருக்கவேண்டும்.

மூன்றாவது வழி வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்கு அனுப்ப நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதை மட்டும் தாய்மாமன் வீட்டுக்கு எடுத்துப்போனால், “ஏன், வீட்டுப் பெரியவங்க கூப்பிடலையா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது.

என் தேர்வு, பழைய நாள் குறிப்போடு இரண்டாம் வழியின் பெயர் முறையைச் சேர்ப்பது. அப்பா இல்லாத வீட்டுக்கு இப்படி எழுதலாம்:

‘நிகழும் பராபவ வருஷம் ... மாதம் ... தேதி, காலை ... மணிக்கு மேல் ... மணிக்குள், என் மகள் திருநிறைச்செல்வி ...க்கும், திரு. ... திருமதி. ... தம்பதியரின் மகன் திருநிறைச்செல்வன் ...க்கும் திருமணம் நடைபெற இருப்பதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்தவேண்டுகிறேன். இப்படிக்கு, திருமதி. ... (தெய்வத்திரு ... அவர்களின் மனைவி).’

பெரியப்பா, சித்தப்பா பெயர்களை ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற தலைப்பின் கீழ்ப் போட்டால் அவர்களுக்கும் குறையில்லை.

எந்த வாசகமானாலும் மணமக்கள் பெயரையும் இனிஷியலையும் ஆதாரில் உள்ளபடியே அச்சிடுங்கள். திருமணப் பதிவுக்குப் போகும்போது பத்திரிகையையும் கேட்பார்கள். வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை வேண்டுமானால் அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளலாம்.