கத்தியைப் பிடுங்கக் கத்துத் தர்றேன்னு 14,500 ரூபாயைப் பிடுங்கிட்டாங்க, உஷார்!

வயிறு எரியுது. அந்த எரிச்சலோடவே எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

எனக்கும் தங்கச்சிக்கும் சேர்த்து 14,500 ரூபாய். மொட்டை மாடியில மேட் விரிச்சு சனி, ஞாயிறு நடத்தற தற்காப்பு வகுப்பு. பேர் போடலை. தங்கச்சிக்கு நைட் ஷிஃப்ட், கேப் இறக்கிவிடற இடத்துலேர்ந்து வீடு வரைக்கும் இருட்டுத் தெரு. இதைச் சொன்னதும் மாஸ்டர் ஒரு பையன் கையில நிஜக் கத்தியைக் கொடுத்துக் குத்தச் சொன்னார். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள கத்தி மாஸ்டர் கையில. "தம்பி, இது மெடல் வாங்கற கராத்தே இல்ல. பாப்பா இனி என் பொறுப்பு. பிடிக்கலைன்னா முழுப் பணத்தையும் வாங்கிட்டுப் போங்க"ன்னு தோள்ல கை போட்டார். நின்ன இடத்துலயே ஜிபே பண்ணிட்டேன்.

வகுப்புல என்ன நடந்துச்சு? ஒருத்தர் ரப்பர் கத்தியோட ஒரு எட்டு முன்னால வெச்சு, கையை நீட்டி, அப்படியே நிக்கணும். நாம மணிக்கட்டைப் பிடிச்சு முறுக்கணும். நிஜமா குத்த வர்றவன் கையை நீட்டிக்கிட்டு நமக்காகக் காத்திருப்பானா? ஒரு கையால சட்டையைப் பிடிச்சு இழுப்பான், இன்னொரு கையால குத்தி உருவி, குத்தி உருவிக்கிட்டே இருப்பான். கத்தி இருந்ததே பல பேருக்கு ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

வீட்டுல தங்கச்சி பழைய வெள்ளை டி-ஷர்ட்டைப் போட்டுக்கிட்டா, நான் சிவப்பு மார்க்கரால நிறுத்தாம குத்தினேன். வயிறு, விலா, கழுத்து, முழங்கை உள்பக்கம்னு எல்லா இடமும் சிவப்பு. என் மணிக்கட்டு அவ கைக்குச் சிக்கவே இல்லை. அந்த டி-ஷர்ட்டைக் கொண்டு போய்க் காட்டினா மாஸ்டர் சொல்றார்: "நீங்க தப்பா குத்தறீங்க தம்பி."

தப்பா குத்தறேனாம்!

இதுல சுவத்துல '21 அடி விதி'ன்னு போஸ்டர் வேற. அது 1983-ல டென்னிஸ் டூலர்ங்கற அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் எழுதினதுலேர்ந்து வந்தது. 21 அடி தள்ளி நிக்கறவன் சுமார் ஒன்றரை விநாடியில ஓடி வந்து குத்திடலாம், இடுப்புல துப்பாக்கி வெச்சிருக்கற போலீஸ்காரருக்கே அது ஆபத்தான தூரம்ங்கறதுதான் விஷயம். அதை மாட்டி வெச்சுக்கிட்டு, மூணு அடியில வெறுங்கையால பிடுங்கலாம்னு 14,500 வாங்கறாங்க!

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஆபீஸ்ல பேசுங்க." ஆபீஸ்ல கேட்டா, "மாஸ்டர் கேம்ப் போயிருக்கார் சார்." அப்புறம், "அடுத்த லெவல் 9,000 கட்டினா எல்லாம் பிடிபடும்." வாட்ஸ்அப் குரூப்புல கேட்டேன், தூக்கிட்டாங்க. கடைசியா, சர்டிஃபிகேட் வேணும்னா தர்றாங்களாம். 14,500 ரூபாய்க்குச் சர்டிஃபிகேட்.

சேரப் போறவங்களுக்கு அவசரமா நாலு வார்த்தை. 'நூத்துக்கு நூறு பிடுங்கலாம்'னு சொன்னா எழுந்து வந்துடுங்க. மார்க்கரை வெச்சு முழு வேகத்துல குத்திப் பார்க்க விடறாங்களான்னு பணம் கட்டறதுக்கு முன்னாடியே கேளுங்க. ஓடறதையும், பையோ நாற்காலியோ குறுக்கே போடறதையும் முதல்ல சொல்லித் தராத இடம் வேண்டாம். பர்ஸ் கேட்டா வீசிட்டு ஓடுங்க. குத்துப்பட்டு கத்தி உள்ளேயே நின்னா உருவாதீங்க, சுத்தித் துணி வெச்சு அழுத்திக்கிட்டு 108 கூப்பிடுங்க. ரசீது இல்லாம காசு கொடுக்காதீங்க.

1915-ங்கற நுகர்வோர் உதவி எண்ணுல புகார் கொடுத்தாச்சு. இதே மாதிரி மொட்டை மாடியில கட்டி ஏமாந்தவங்க ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோட இன்பாக்ஸ் வாங்க, சேர்ந்தே நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம்.