“200 வாட்ஸ்” ஆம்ப்பும் கருகிய ட்வீட்டரும்: 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

டர்பன் பக்கம் ஸ்டீரியோ வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டில் நல்ல 4 ஓம் டவர் ஸ்பீக்கர்கள். (ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் தடை; எண் குறைந்தால் இழுக்கும் கரண்ட் கூடும்.) மாடலைச் சொல்லித்தான் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) கேட்டிருக்கிறார்கள். “சேனலுக்கு 200 வாட்ஸ், எதையும் தூக்கும்” என்று கடைக்காரர் ஒரு ஏவி ரிசீவரை (டிவி, சினிமா ஒலிக்கான ஆம்ப்) தலையில் கட்டிவிட்டார். சத்தம் கொஞ்சம் ஏறினாலே ரிலே (உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) டக்கென்று விழுந்து செட் அணைந்தது. திரும்ப எடுத்துப் போனால், “பின்னால் இருக்கும் சுவிட்சை 4 ஓமுக்குத் தள்ளுங்கள், சரியாகிவிடும்” என்றார்கள். தள்ளினார்கள். பிறகு செட் அணையவில்லை, ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) கருகியது. “சத்தமாக வைத்தீர்கள், வாரண்டி கிடையாது” என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள்.

பழி வீட்டுக்காரர் மேல் இல்லை. பெட்டியில் 200 வாட்ஸுக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பது இது: 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு), ஒரு சேனல் மட்டும். 10% என்றால் அலையின் தலை ஏற்கெனவே வெட்டுப்பட்டாயிற்று. ஒரு சேனல் மட்டும் ஓடினால் டிரான்ஸ்ஃபார்மரின் முழு பலமும் அதற்கே போகும். அதே மேனுவலின் கடைசிப் பக்கத்தில் 8 ஓமுக்கு, இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போது, 90 வாட்ஸ் என்று இருக்கிறது. 4 ஓமுக்கு எண்ணே இல்லை!

இந்த மாதிரி ஸ்பீக்கர் கேட்பது கரண்ட். 4 ஓம் என்று போட்டிருந்தாலும் ஐஇசி 60268-5 என்ற சர்வதேச ஸ்பீக்கர் தரப்படி அது 3.2 ஓம் வரை இறங்கலாம். 8 ஓமில் 100 வாட்ஸ் என்றால் 28.3 வோல்ட், 3.5 ஆம்பியர். அதே வோல்ட்டில் 3.2 ஓமுக்கு 8.8 ஆம்பியர் வேண்டும். பேஸ் பகுதியில் வோல்டேஜும் கரண்டும் ஒன்றை விட்டு ஒன்று விலகும் இடங்களில் அவுட்புட் டிரான்சிஸ்டர் இன்னும் சூடாகும். அதனால்தான் ரிலே விழுந்தது; அது ஆம்ப் தன்னைக் காத்துக்கொண்ட வேலை.

அந்த சுவிட்ச் பலத்தைக் கூட்டாது. உள்ளே சப்ளை வோல்டேஜைக் குறைக்கும், அவ்வளவுதான். சூடு குறையும், ஆனால் அலை இன்னும் சீக்கிரமே வெட்டுப்படும். சத்தம் போதவில்லை என்று வால்யூமை ஏற்றினால், பேஸின் உச்சி வெட்டுப்பட்டு நிற்க, மேல் அலைவரிசைக்குப் போகும் சராசரி பவர் ஏறிக்கொண்டே போகும். ட்வீட்டரின் கம்பிச்சுருள் தொடர்ந்து தாங்குவது சில வாட்ஸ்தான்.

கடையில் கேட்க வேண்டியது ஒன்றே: இரண்டு சேனலும் ஓடும்போது 8 ஓமுக்கு எவ்வளவு, 4 ஓமுக்கு எவ்வளவு? 100 என்பது 180, 200 என்று ஏறினால் பவர் சப்ளை உரமானது. ஏறவே இல்லையென்றால் வேண்டாம். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியையும், அதாவது கொடுக்கும் வோல்ட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதையும், பாருங்கள். 2.83 வோல்ட்டில் 87 டெசிபல் என்று போட்டிருந்தால், 4 ஓமில் அது 2 வாட்ஸ். ஒரு வாட்ஸுக்கு 84தான். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பவர் இரட்டிப்பாக வேண்டும்.

பழைய ஆம்ப் என்றால் ஸ்பீக்கரை மாட்டாமல் ஆன் செய்து, வால்யூமை அடியில் வைத்து, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரால் டிசி பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆம்ப்பைச் சரிபார்க்கும் வரை மாட்டாதீர்கள்; டிசி அதிகமாகக் கூடினால் வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) போய்விடும். ஸ்பீக்கர் ஒயரைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம், முழுச் செம்பு அல்ல.

வாங்கும் முன் ஸ்பீக்கர் மாடலையும் 4 ஓம் என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதி, “இதற்குப் பொருந்துமா” என்று கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 55(3): இன்ன தேவைக்கு என்று சொல்லி வாங்கினால், பொருள் அதற்குப் பொருந்த வேண்டும். பிரிவு 56 படி 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்பது வாங்கியவர் விருப்பம். கடை மறுத்தால் நுகர்வோர் பொருள்கள், சேவைகளுக்கான ஒம்பட் (குறைதீர்ப்பாளர்) அலுவலகத்தில் புகார் கொடுங்கள், கட்டணம் இல்லை. பில், பெட்டியின் பொடி எழுத்துப் படம், கருகிய ட்வீட்டர் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.